பள்ளிவாசலுக்குள் இருக்கும் பள்ளி

2024-ஆம் ஆண்டு பங்குனி உத்திரம் ரமலான் மாதத்தின் நடுவில் வந்தது. வேலையிடத்தில் மலாய் நண்பர்கள் எல்லோரும் நோன்பில் இருந்ததால் மதிய நேரத்தில் கேன்டீன் வெறிச்சோடிக் கிடக்கும். அன்று நானும் விரதம். ஸ்ரீ கெம்பாங்கானில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தேன். என் மேசைக்கு எதிரே உட்காரும் மலாய் அக்கா ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரைக் 'காக்' என்றுதான் கூப்பிடுவோம். "டிக், தாக் மாக்கான் கே?" என்று கேட்டார். தம்பி, சாப்பிடலயா என்று அர்த்தம். "புவாசா, காக்" என்றேன்.

அவர் முகத்தில் சின்னதாக ஒரு குழப்பம். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. "உங்களுக்கும் புவாசா இருக்கா? அதைப் புவாசான்னுதான் சொல்வீங்களா?" என்று மலாயில் கேட்டார். எனக்குள் இருந்த தமிழ்ப்பள்ளி மாணவன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். "காக், அந்தச் சொல்லே எங்களோடதுதான். உபவாசம்தான் புவாசா ஆச்சு" என்று ஆரம்பித்து, சொர்க்கம் சியூர்கா ஆனது, நரகம் நெராக்கா ஆனது, தோஷம் டோசா ஆனது, பலன் பஹாலா ஆனது, ஆகமம் அகாமா ஆனது என்று ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினேன். அவர் சிரித்தார். "அப்போ நாங்க கடன் வாங்கிட்டோமா?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று மாலை வரைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் இரண்டு விஷயங்கள் உறுத்தத் தொடங்கின.

முதலாவது, 'எங்களோடது' என்று சொன்னேனே, அந்த 'எங்கள்' யார்? உபவாசம் தமிழ்ச் சொல் கிடையாது. வீட்டில் அம்மா 'விரதம்' என்பார். அதுவும் வடசொல்தான். தமிழில் இதற்கென்று இருக்கும் பழைய சொல் நோன்பு. பாவை நோன்பும் கேதார கௌரி நோன்பும் நம்மிடம் இருக்கின்றன. ஆனால் இன்று மலேசியாவில் நோன்பு என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது நோன்புக் கஞ்சியும் நோன்புப் பெருநாளும்தான். சமஸ்கிருதச் சொல் மலாய் முஸ்லிம்களிடம் போயிருக்கிறது. தமிழ்ச் சொல் தமிழ் முஸ்லிம்களிடம் போயிருக்கிறது. நான் இன்னொரு வடசொல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'எங்களோடது' என்று உரிமை கொண்டாடியிருக்கிறேன்.

இரண்டாவது, காக் கேட்டது நோன்பைப் பற்றி. நான் பதில் சொன்னது சொல்லைப் பற்றி. நீங்கள் எதற்காகப் பசித்திருக்கிறீர்கள் என்று அவர் தெரிந்துகொள்ள நினைத்திருக்கலாம். நான் அவருக்கு மொழியியல் பாடம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

இந்த இரண்டு உறுத்தலுக்கும் பதில் தேடிப் படித்ததில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல், நான்கு வாசல்கள்

உபவாசம் என்ற சொல்லுக்குள் பட்டினி இல்லை. 'உப' என்றால் அருகே, 'வாசம்' என்றால் தங்குதல். சதபத பிராமணம் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. வேள்விக்கு முதல் நாளே தேவர்கள் வேள்வி செய்பவனின் வீட்டுக்கு வந்து தங்கிவிடுகிறார்கள். விருந்தினர் சாப்பிடும் முன் வீட்டுக்காரன் சாப்பிடுவது முறையா? அதனால் அவன் உண்ணாமல் இருக்கிறான். உபவாசத்தின் பசி அடிப்படையில் விருந்தோம்பலின் பசி.

இதே வேரிலிருந்து பிறந்ததுதான் பாலி மொழியின் 'உபோசதம்'. பௌத்த விநய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. மற்றச் சமயப் பிரிவினர் பட்சத்தின் குறிப்பிட்ட நாட்களில் கூடி அறம் பேசுவதைப் பார்த்த மகத மன்னர் பிம்பிசாரர், உங்கள் துறவிகளும் அப்படிக் கூடலாமே என்று புத்தரிடம் கேட்கிறார். புத்தர் ஏற்றுக்கொள்கிறார். பௌத்தத்தின் மிக முக்கியமான வழிபாட்டு நாளே பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதைப் பௌத்த நூலே மறைக்காமல் சொல்கிறது. ஆனால் எடுத்த சொல்லைப் புத்தர் அப்படியே விட்டுவிடவில்லை. வேள்வி போய்விட்டது, வீட்டுக்கு வரும் தேவர்களும் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒழுக்கம் வந்து உட்கார்ந்தது. எட்டுச் சீலங்களை ஏற்பவர் நண்பகலுக்குப் பிறகு உணவு உண்பதில்லை. சிங்களத்தில் இந்த நாளுக்குப் 'போயா' என்று பெயர், அதுவும் உபோசதம் தேய்ந்து வந்த சொல்தான். பிரிக்பீல்ட்ஸில் 1894-இல் சிங்களவர்கள் நிறுவிய பௌத்த மகா விகாரைக்குப் பௌர்ணமியன்று போனால், வெள்ளை உடையில் சீலம் ஏற்பவர்களைப் பார்க்கலாம்.

இஸ்லாத்தில் நோன்புக்கான அரபுச் சொல் 'ஸவ்ம்'. விலகியிருத்தல், தன்னைத் தடுத்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். வைகறை முதல் சூரிய மறைவு வரை உணவு, நீர், இச்சை மூன்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். இது விருப்பப்பட்டால் இருக்கும் விரதம் கிடையாது. ஐந்து கடமைகளில் ஒன்று. நோன்பைக் கடமையாக்கும் குர்ஆன் வசனமே, முன்பிருந்த சமூகங்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்ததைச் சொல்கிறது. மலாய் முஸ்லிம்கள் இந்தக் கடமைக்குத் தங்களிடம் ஏற்கெனவே இருந்த 'புவாசா'வைக் கொடுத்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் 'நோன்பு' என்றார்கள். நோற்றல் என்றால் பொறுத்தல். ஒரே கடமையை அரபு விலகுதலாகவும், தமிழ் பொறுத்தலாகவும் பார்க்கிறது. அருகிருத்தல் என்ற பழைய பொருள் மலாய்ச் சொல்லுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் படுத்திருக்கிறது.

நான்காவது வாசல் சீக்கியம். குரு நானக் (1469–1539) தொடங்கிய மரபில் பட்டினி கிடப்பதற்குப் புண்ணியம் எதுவும் இல்லை. பசித்திருப்பதைவிடப் பசித்தவனோடு சேர்ந்து உண்பது மேல் என்பதுபோல அங்கே விரதம் இருக்கவேண்டிய இடத்தில் லங்கர் இருக்கிறது. கோலாலம்பூர் ஜாலான் ராஜா ஆலாங்கில் இருக்கும் தாட் கல்சா டிவான் குருத்வாராவில் யார் போனாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடலாம். அமைச்சருக்கும் அதே தரைதான், கட்டுமானத் தொழிலாளிக்கும் அதே தரைதான்.

நான்கு மதங்களில் மூன்று பசியை வைத்து நான்காவது உணவை வைத்து மனிதனைப் பண்படுத்தப் பார்க்கின்றன. இதைச் சொல்லியிருந்தால் காக் கொஞ்ச நேரம் நின்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

திரங்கானு கல்லில் ஒரு தேவதை

சமஸ்கிருதச் சொல் எப்படி மலாய் முஸ்லிம்களின் அன்றாட வாயில் போய் உட்கார்ந்தது? இதற்குப் பள்ளிப் பாடநூல் தரும் பதில் 'இந்திய வணிகர்கள் வந்தார்கள்' என்ற ஒற்றை வரிதான். ஆனால் வணிகர் கொடுத்துவிட்டுப் போன சொற்களாக இவை தெரியவில்லை. இஸ்லாம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலாய்மொழி ஒரு பௌத்த மொழியாக வாழ்ந்திருக்கிறது.

பலெம்பாங்கில் கிடைத்த தாலாங் துவோ கல்வெட்டு கி.பி. 684-ஐச் சேர்ந்தது. ஸ்ரீவிஜய மன்னர் ஸ்ரீ ஜயநாசர் ஒரு தோட்டம் அமைக்கிறார். தென்னை, பாக்கு, சாகோ, மூங்கில் எல்லாம் நடுகிறார். அதனால் விளையும் நன்மை எல்லா உயிர்களுக்கும் சேரட்டும் என்று வேண்டுகிறார். அந்தக் கல்வெட்டின் மொழி பழைய மலாய். போதிசித்தம் போன்ற மகாயான பௌத்தக் கலைச்சொற்கள் அந்த மலாய்க்குள் சரளமாக வருகின்றன. சொர்க்கமும் நரகமும் பலனும் தோஷமும் மலாய்க்காரர்களுக்கு வெளிநாட்டுச் சரக்காக இருந்த காலம் அப்போதே முடிந்துவிட்டது. அவர்கள் அவற்றைத் தங்கள் சொற்களாகவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு இஸ்லாம் வருகிறது. அதற்குக் கிடைத்திருக்கும் முக்கியமான சான்றுகளில் ஒன்று திரங்கானுவின் குவாலா பெராங்கில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு. ஜாவி எழுத்தில், மலாய்மொழியில், நான்கு பக்கமும் எழுதப்பட்ட கல். ஒரு பகுதி உடைந்துபோனதால் அதன் ஆண்டைப் பற்றி வாதம் உண்டு. ஹிஜ்ரி 702, அதாவது கி.பி. 1303 என்பதே பெரும்பாலும் ஏற்கப்படும் கணக்கு. 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. இஸ்லாத்தை நிலைநிறுத்தச் சொல்லும், குற்றங்களுக்கான தண்டனைகளை வகுக்கும் கல் இது. அதில் இறைவனின் தூதரைக் குறிக்க 'ரசூல் அல்லாஹ்' என்ற அரபுத் தொடர் வருகிறது. ஆனால் இறைவனைக் குறிக்க வரும் பெயர் 'தேவதா மூலியா ராயா'. மேன்மைமிக்க பெரிய தேவதா!

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், அதில் சிரிக்க எதுவும் இல்லை. புதிதாக ஒரு நம்பிக்கையை ஏற்றுக்கொண்ட மக்கள், அதில் இருக்கும் மிகப் பெரிய பெயரைத் தங்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய சொல்லால் அழைத்திருக்கிறார்கள். சையட் முகமட் நக்கீப் அல்-அத்தாஸ் போன்ற மலேசிய அறிஞர்கள், இஸ்லாம் மலாய்ச் சொற்களின் உட்பொருளையே மாற்றி எழுதியது என்று வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. 'தேவதா' அந்தக் கல்லில் நம் கோயில் தேவதை கிடையாது. உருவமோ இணையோ இல்லாத ஒருவனைத்தான் அது குறிக்கிறது. மாறியிருப்பது பொருள். ஒலி மட்டும் பழைய வீட்டிலிருந்து வந்தது.

2019-இல் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடநூலில் ஜாவி வனப்பெழுத்தைச் சேர்க்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தபோது, சீன, தமிழ்ப்பள்ளி அமைப்புகள் பல எதிர்த்தன. அந்த எதிர்ப்புக்கு அவர்களுக்கான காரணங்கள் இருந்தன. ஆனால் ஜாவி எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றுக்குள்ளேயே 'தேவதா' எழுதப்பட்டிருக்கிறது என்பதை அந்த விவாதத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஜாவி அவர்களுடையது, தேவதா நம்முடையது என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கல் ஒத்துழைக்காது.

பள்ளி யாருடையது?

சரி, மலாய்மொழியில்தான் இப்படி நடந்ததா? தமிழில் இதைவிட அழகாக நடந்திருக்கிறது. நாம் தினமும் சொல்லும் சொல்லில்தான்.

கெடாவை ஆண்ட கடாரத்து அரசர், ஸ்ரீவிஜயத்தின் சூளாமணிவர்மன், நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டத் தொடங்கினார். அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் காலத்தில் அது முடிந்தது. முதலாம் இராஜராஜ சோழன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்தான். இன்று லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் ஆவணத்தில் இது இருக்கிறது. சைவ அரசன், பௌத்தக் கட்டடம், மலாய் மண்ணின் மன்னர். அந்தச் செப்பேட்டின் தமிழ்ப்பகுதி இந்த விகாரத்தைப் 'பள்ளி' என்றே குறிப்பிடுகிறது.

அன்று பள்ளி என்றால் சமண, பௌத்தத் துறவிகள் தங்கும் இடம். படுக்கை, உறைவிடம் என்ற பொருளிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு விடப்பட்ட வரியில்லா நிலத்துக்குப் 'பள்ளிச்சந்தம்' என்று பெயர். துறவிகள் அங்கே பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால்தான் படிக்கும் இடத்துக்குப் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்தது என்பார்கள்.

13-ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்துத் திருப்புல்லாணிக் கல்வெட்டு ஒன்றில் பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர்களின் 'பள்ளி' வருகிறது. சோனகர் என்றால் அரபு முஸ்லிம்கள். அந்தப் பள்ளி மசூதி. சமணருக்கும் பௌத்தருக்கும் வழங்கிய அதே சொல், அதே கொடை முறை, இப்போது முஸ்லிம்களுக்கு. பள்ளிவாசல் என்று நாம் சொல்லும்போது, பௌத்தம் தமிழ் மண்ணில் விட்டுப்போன வாசல் வழியாகத்தான் நுழைகிறோம். மலேசியாவில் இருக்கும் தமிழ்ப்பள்ளிகள் அத்தனையின் பெயர்ப்பலகையிலும் அதே சொல்தான் தொங்குகிறது.

இதைச் செய்தவர்கள் தயங்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் நபிகளின் வாழ்க்கையைப் பாட வந்தபோது, அதற்குச் 'சீறாப்புராணம்' என்று பெயர் வைத்தார். சீறா அரபு, புராணம் சமஸ்கிருதம், நூல் தமிழ். அதன் காண்டங்களின் பெயர் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து. மூன்று மொழிகளும் ஒரே அட்டைக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன. மணிமேகலை எழுதியவர் அதற்கும் முன்பே பௌத்தத்தின் பன்னிரண்டு நிதானங்களைப் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று தமிழிலேயே அடுக்கிக்காட்டினார். கோயில் என்ற நம் சொல் மலாயில் 'கூயில்' ஆனது. லெப்பை என்ற சொல் 'லெபாய்' ஆகி, கிராமத்து மத ஆசிரியரைக் குறித்தது. பாரசீகத்துக் கந்தூரி நாகூரிலும் விழாவானது, மலாய்க் கம்பத்திலும் 'கெண்டூரி' விருந்தானது.

இரண்டு பட்டியல்கள்

இத்தனைக்கும் பிறகு நான் வாழும் மாநிலத்துக்கு வருகிறேன்.

சிலாங்கூரில் 1988-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். அப்படிச் சட்டம் இயற்றக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு மாநிலங்களுக்கு இடம் தருகிறது. அதன் அட்டவணையில் 25 சொற்களும் 10 தொடர்களும் இருக்கின்றன. அல்லாஹ், நபி, ரசூல், ஈமான், இஞ்சில், வலி, இபாதா என்று போகிறது பட்டியல். இஸ்லாம் அல்லாத மதத்தின் கருத்தையோ நம்பிக்கையையோ விளக்க இச்சொற்களை எழுத்திலும் மேடையிலும் பயன்படுத்துவது குற்றம்.

இந்தப் பட்டியலில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது 'இபாதா'. வழிபாடு என்ற பொருளுள்ள அரபுச் சொல். ஆனால் நம் கோயில்களையும் குருத்வாராக்களையும் இதே மாநில அரசு தன் கடிதங்களில் 'ரூமா இபாடாட் செலாய்ன் இஸ்லாம்' என்றுதான் குறிப்பிடுகிறது. இஸ்லாம் அல்லாத வழிபாட்டு இல்லம். எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து வேறுபடுகிறது, சொல் ஒன்றுதான். சொற்களுக்கு வேலி போட்டவர்களாலேயே அந்தச் சொல் இல்லாமல் ஒரு கடிதம் எழுத முடியவில்லை.

இது வெறும் வேடிக்கையாக முடிந்திருந்தால் பரவாயில்லை. 1986-இல் உள்துறை அமைச்சு அல்லாஹ், காபா, பைத்துல்லா, சோலாட் ஆகிய நான்கு சொற்களைப் பிற மத வெளியீடுகளில் தடுத்தது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வரும் கத்தோலிக்க வார இதழான ஹெரால்டின் மலாய்ப் பக்கங்களால் வழக்கு எழுந்தது. 2009 டிசம்பர் 31-இல் உயர்நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாட்களில் சில தேவாலயங்கள் தாக்கப்பட்டன. செந்தூலில் ஒரு குருத்வாராவும் கல்லெறிக்கு ஆளானது. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க அனுமதி மறுத்தது. 2021 மார்ச்சில் வேறொரு வழக்கில், 1986-இன் தடை செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது.

சீக்கியர்களுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். 1604-இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தில், பின்னாளில் குரு கிரந்த சாகிப் ஆன நூலில், ராம், ஹரி, அல்லாஹ், குதா எல்லாம் ஒரே இறைவனின் பெயர்களாக வருகின்றன. ஷேக் ஃபரீத் என்ற சூஃபியின் பாடல்களும் கபீரின் பாடல்களும் அதில் இருக்கின்றன. அந்தப் பெயரை நீக்கச் சொன்னால் தங்கள் வேதத்தையே திருத்தச் சொல்வதாகும் என்பது அவர்களின் கவலை.

மலாய்ச் சமூகத்தின் பக்கத்திலும் ஒரு பயம் இருக்கிறது. நம் சொல்லைச் சொல்லி நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஏனென்றால் காக்கிடம் ஐந்து விரல்களை மடக்கிக் காட்டியபோது நானும் ஒரு பட்டியல்தான் வைத்திருந்தேன். அவர்கள் பட்டியல் 25 சொற்கள், என்னுடையது ஐந்து. இரண்டுக்கும் தலைப்பு ஒன்றுதான்: 'இவை எங்களுடையவை'. சட்டமாக்கும் அதிகாரம் என்னிடம் இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

'எல்லாம் ஒண்ணுதாம்பா'

இதற்கு மாற்றாக நம்மவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள். "எல்லா மதமும் ஒண்ணுதாம்பா, சொல்லுதான் வேற." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை நிலைமை பல இடங்களில் தலைகீழ். சொல் ஒன்றாக இருக்கிறது, சொல்லப்படுவது வேறாக இருக்கிறது.

கர்மத்தை எடுத்துக்கொள்வோம். சைவ சித்தாந்தத்தில் கன்மம் ஆன்மாவைப் பற்றிய மூன்று மலங்களில் ஒன்று. அதற்கு அறிவில்லை. எந்த வினையின் பலன் யாருக்கு என்று அதுவாகப் போய்ச் சேராது, சேர்ப்பவன் சிவன். பௌத்தத்தில் சேர்ப்பவனும் இல்லை, நிலையான ஆன்மாவும் இல்லை. மனத்தின் நாட்டமே கம்மம் என்றார் புத்தர். வினைக்குத் தொடர்ச்சி உண்டு, வினைக்குச் சொந்தக்காரன் என்று நிலையான ஒருவன் இல்லை. சீக்கியத்தில் வினை உண்டு, மறுபிறவி உண்டு, ஆனால் விடுதலை வினையால் மட்டும் வாய்ப்பதில்லை, அருட்பார்வை வேண்டும். பஞ்சாபியில் 'கரம்' என்ற ஒரே ஒலிக்கு இரண்டு பொருள். சமஸ்கிருத வழியில் வந்தால் வினை, அரபு-பாரசீக வழியில் வந்தால் அருள். இஸ்லாத்தில் மறுபிறவியே இல்லை. ஒரு வாழ்க்கை, ஒரு கணக்கு, ஒரு தீர்ப்பு நாள். ஆனால் அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும் நன்மைக்கு மலாய்க்காரர் சொல்வது 'பஹாலா'. கர்ம பலனில் இருந்த அதே பலன்.

ஹுக்கும் இன்னொன்று. மலாயில் 'ஹுக்கும்' என்றால் சட்டம், தண்டனை. அதே அரபுச் சொல் சீக்கியத்தில் 'ஹுக்கம்' ஆகி, இந்தப் பிரபஞ்சம் முழுவதும் இயங்கும் இறை ஆணையைக் குறிக்கிறது. அதற்கு இசைந்து நடப்பதுதான் ஆன்மிகம். தமிழ் ரசிகர்களுக்கு ரஜினி படப்பாட்டு நினைவுக்கு வரும். தருமமும் அப்படித்தான். பௌத்தருக்கு அது புத்தரின் போதனை, நமக்கு அறம். தெருவில் கையேந்துபவர் "தருமம் பண்ணுங்கம்மா" என்னும்போது பிச்சை. மலாயில் 'டெர்மா' ஆகி நன்கொடை, இரத்த தானம்கூட.

இப்படி வேறுபாடுகளைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இடைநிலைப்பள்ளியில் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போவார்கள். மற்றவர்கள் எல்லோரும் நன்னெறிக்கல்விக்கு. அங்கே நாங்கள் நேர்மை, பொறுப்பு, மிதமான போக்கு என்று நற்பண்புகளின் விளக்கத்தை வரி பிசகாமல் மனப்பாடம் செய்தோம். பக்கத்து இருக்கை நண்பன் ஏன் பசித்திருக்கிறான் என்று இரண்டு வகுப்பிலும் பாடம் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் இரண்டு சுலபமான வாக்கியங்கள் வந்துவிடுகின்றன. 'இது எங்களுடையது' என்பது ஒன்று. 'எல்லாம் ஒன்றுதான்' என்பது மற்றது. இரண்டுமே மேற்கொண்டு எதையும் கேட்கவேண்டிய சிரமத்திலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன.

பிரிக்பீல்ட்ஸில் அந்த விகாரையும் ஸ்ரீ சக்தி விநாயகர் ஆலயமும் இருக்கும் சாலைக்கு முன்பு டெம்பிள் ரோடு என்று பெயர். இப்போது ஜாலான் பெர்ஹாலா. பெர்ஹாலா என்றால் சிலை, விக்கிரகம். மலாய்க் குர்ஆன் மொழிபெயர்ப்பில் கண்டிக்கப்படும் சொல். பிள்ளையாரைக் கும்பிடப் போகிறவர் அந்தப் பெயர்ப்பலகையின் கீழேதான் காரை நிறுத்துகிறார், புத்தரை வணங்கப் போகிறவரும் அப்படியே. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே போகிறவர்கள் தாங்கள் எதை வணங்குகிறோம் என்று அறிந்திருப்பதால், பலகையில் இருக்கும் சொல்லால் அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன ஆண்டு, 2025 ரமலானில், நான் காக்கிடம் கேட்டேன். புவாசா என்ற சொல்லை விட்டுவிட்டேன். "காக், நோன்பு எப்போ ஆரம்பிக்குது? சாப்பாட்டை நிறுத்தும்போதா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல டிக். முதல் நாள் ராத்திரி நியத் வைக்கும்போது. அது இல்லாட்டி வெறும் பசிதான்." எங்களிடமும் சங்கல்பம் என்று ஒன்று உண்டு என்று சொன்னேன். சொல்லின் வேரைச் சொல்லவில்லை. இன்ன நாளில் இன்ன காரணத்துக்காக இருக்கப்போகிறேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வது என்று மட்டும் சொன்னேன்.

"யாரு உங்களை இருக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல காக். நானாத்தான்."

அவர் கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்தார். "எனக்கு அல்லாஹ் சொல்லியிருக்கார், அதனால இருக்கேன். யாரும் சொல்லாம ஒருத்தர் எதுக்குப் பசியோட இருக்கணும்?"

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அம்மா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை வருஷமா இருக்கறே, இப்பதான் கேக்கணும்னு தோணிச்சா?" என்றார்.